தம்பியின் உதவிப் பணமும் என் சீதனக் காணியும்

என் தம்பி பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான செய்தி வந்து பத்து நாள் கழித்து இன்னொரு நீளமான கடித உறை வந்தது. வசதி குறைந்த மாணவர்களுக்கு மாதாமாதம் கொடுக்கும் உதவிப் பணத்துக்கான விண்ணப்பம் அது. நான்கு பக்கம். குடும்பத்தில் எத்தனை பேர், யாருக்கு என்ன தொழில், வீடு சொந்தமா வாடகையா, மாடு இருக்கிறதா, தென்னை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போய், மூன்றாம் பக்கத்தில் பெற்றோரின் பெயரில் உள்ள வயற்காணியின் அளவைக் கேட்டிருந்தார்கள்.

தம்பி பேனையைப் பிடித்தபடி வாப்பாவை நிமிர்ந்து பார்த்தான்.

"நாலு ஏக்கர் எண்டு எழுது மகன்" என்றார் வாப்பா.

"அது ராத்தாட காணியெல்லுவா?"

"இடாப்பில என்ன நிக்குதோ அத எழுது."

ராத்தா என்பது நான். அவனுக்கு ஒரே அக்கா. அவன் நாலு என்று எழுதுவதைக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்து நின்றேன். ஏதோ சொல்ல வாயெடுத்தேன். என்ன சொல்ல வந்தேன் என்று இப்போது நினைவில்லை. சொல்லவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

கல்முனைக் கரையில் எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்குத்தான். எனக்குப் பதினெட்டு வயதில் கலியாணம் நடந்தபோது, பிறந்த வீட்டை என் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வாப்பாவும் உம்மாவும் தம்பியும் அதே வளவின் பின்பக்கம் கிடுகு வேய்ந்த ஒரு சின்ன வீட்டுக்கு மாறினார்கள். வீட்டோடு மாவடிப்பள்ளிப் பக்கம் இருந்த நாலு ஏக்கர் வயலும் எனக்குச் சீதனமாக வந்தது. மாப்பிள்ளை சம்மாந்துறை, பரம்பரையாக வயல் செய்கிற குடும்பம். வயல் இல்லாத கலியாணத்துக்கு அவர்கள் சம்மதித்திருக்க மாட்டார்கள்.

காணி உறுதியை என் பெயருக்கு எழுதியாயிற்று. ஆனால் வயல்களைப் பதிந்து வைக்கும் அரசாங்கத்து இடாப்பில் வாப்பாவின் பெயர் அப்படியே இருந்தது. அதை மாற்ற நாலு தரம் அலைய வேண்டும் என்று யாரும் போகவில்லை. வரித் துண்டு வாப்பாவின் பெயரில் வரும், பணத்தை என் கணவர் கட்டுவார். அதில் ஒரு குறை இருப்பதாக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வாப்பாவுக்கு அப்போது தேங்காய் வியாபாரம். கரையோரத் தோட்டங்களைக் குத்தகைக்கு எடுத்து, காய் பறித்து, கொழும்புக்கு லொறியில் ஏற்றுவார். நோன்பு காலத்தில் எங்கள் வாசலில் ஸக்காத்து வாங்க ஆட்கள் வந்து நிற்கிற அளவுக்கு வசதி இருந்தது. எழுபத்தெட்டு நவம்பரில் சூறாவளி அடித்தது. காலையில் கதவைத் திறந்தபோது எங்கள் வாசலிலிருந்து கடல் தெரிந்தது. அதுவரை தெரிந்ததே இல்லை. கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் நின்ற தென்னைகள் அத்தனையும் விழுந்து கிடந்தன. வாப்பா ஓடையும் மரமும் தாண்டித் தாண்டி நடந்து போய் ஒவ்வொரு தோட்டமாகப் பார்த்துவிட்டு அஸர் தொழுகை நேரத்துக்குத் திரும்பி வந்தார். "முடிஞ்சு" என்று ஒரு சொல் சொன்னார். புதிய தென்னை காய்க்க ஐந்தாறு வருஷம் வேண்டும். சில மாதங்களில் அவர் கல்முனை பஸாரில் ஒரு இரும்புக் கடையில் ஆணி நிறுத்துக் கொடுக்கிற வேலைக்குப் போனார்.

எங்கள் வயலும் அந்தப் போகம் தண்ணீரோடு போயிற்று. அடுத்த வருஷம் அரசாங்கம் பங்கீட்டு அரிசியை நிறுத்திவிட்டு, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் உணவு முத்திரை கொடுக்கத் தொடங்கியது. முத்திரையைக் கூட்டுறவுச் சங்கக் கடையில் கொடுத்தால் அரிசி, மா, பருப்பு, பிள்ளைகளுக்குப் பால்மா கிடைக்கும். எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள். சின்னவளுக்கு எட்டு மாதம்.

என் கணவர் தன் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும் என்று படிவத்தை என்னிடம் தந்தார். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். சொந்தக் காணி என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தினேன்.

"இதுக்கு என்ன எழுதுற?"

"இல்ல எண்டு போடு. இடாப்பில உங்கட வாப்பாட பேர்தானே இரிக்கி. ஆரு வந்து தேடப் போறாங்க?"

நான் இல்லை என்று எழுதினேன். எங்களுக்கு முத்திரை கிடைத்தது. பின்வீட்டில் வாப்பாவும் விண்ணப்பித்திருந்தார். நாலு ஏக்கர் வயல்காரர் என்று அவரைத் தள்ளிவிட்டார்கள். அந்த வயல் மகளுடையது என்று வாப்பா எங்கேயும் போய்ச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் முத்திரை போயிருக்கும். அதைப் பற்றி அவர் என்னிடமும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் சங்கக் கடையிலிருந்து வந்ததும் அரிசியில் பாதியைச் சுளகில் கொட்டிப் பின்வீட்டுக்குக் கொண்டுபோவேன். உம்மா வாங்கிக்கொண்டு உள்ளே போவார். அதோடு கணக்குச் சரி என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அதற்கு மறு வருஷம்தான் தம்பி தெரிவானான். எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து அந்த முறை கணிதப் பிரிவில் போனவன் அவன் ஒருவன்தான். உம்மா இரண்டு நாள் அடுப்பில் எதை வைத்தாலும் கருக விட்டார். வாப்பா இரும்புக் கடையில் வந்தவர் போனவர்களிடமெல்லாம் சொன்னாராம்.

அவன் போன அன்று என் கணவர் அரை மூட்டை அரிசியைத் தன் தோளிலேயே கல்முனை பஸ் நிலையம் வரை சுமந்து வந்து கண்டி பஸ்ஸின் கூரையில் ஏற்றிக் கட்டினார். "குறைஞ்சா எழுது மச்சான், இன்னும் அனுப்புறன்" என்று சொன்னதை நான் கேட்டேன். அவர் கெட்ட மனிதரல்ல. இதை இங்கே எழுதிவிட வேண்டும், பிறகு சொல்லப் போவதை வைத்து யாரும் அவரைத் தவறாக நினைக்கக் கூடாது.

மூன்று மாதத்துக்குப் பிறகு தம்பியின் கடிதம் வந்தது. வாப்பாவுக்குப் பார்வை மங்கியிருந்ததால் கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுவேன். உதவிப் பணம் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தான். காணி இருக்கிற குடும்பம் என்று பட்டியலில் சேர்க்கவில்லையாம். நலன்புரிப் பகுதிக்குப் போய்க் கேட்டதில், காணி வேறு ஆளுடையது என்றால் உறுதியின் பிரதியும், இடாப்பு பிழை என்று விதானையார் தரும் கடிதமும் கொண்டுவரச் சொன்னார்களாம். கடைசியில் ஒரு வரி: 'இது செய்யக்கூடிய காரியமா என்று ராத்தாவிடமும் மச்சானிடமும் கேட்டுப் பாருங்கள். கஷ்டம் என்றால் விடுங்கள்.'

அந்த வரியை நான் சத்தமாக வாசித்தேன். வாப்பா சால்வையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எங்கயாவது ஒரு வழி வரும்" என்று எழுந்து போய்விட்டார்.

அன்று பகல் சாப்பாட்டுக்கு வந்தபோது கணவரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"முத்திரையத் திருப்பிக் குடுத்திட்டா என்ன?" என்றேன்.

"குடுக்கலாம். குடுத்தா அதோட முடிஞ்சிருமெண்டு நெனைக்கிறயா? ரெண்டு வருஷமா எடுத்ததுக்கு என்ன சொல்ற? பொய் எழுதிக் குடுத்தது எண்டு வழக்கு வரும். எழுதினது ஆரு? நீ. கையெழுத்து வெச்சது நான்."

"வழக்கெல்லாம் போடுவாங்களா?"

"மருதமுனையில ஒராள அப்பிடிக் கூப்பிட்டு விசாரிச்சது தெரியாதா? அத உடு. இந்தப் போகத்துக்கு விதைநெல்லே கடன். சின்னவளுக்குப் பால்மா எங்கால வாற?" சோற்றை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வெள்ளாமை நல்லா வந்தா நான் தாறன் அவனுக்கு. மாசா மாசம் தாறன். அல்லாஹ்வுக்காகச் சொல்றன்."

அந்த வெள்ளாமை நல்லாக வரவில்லை. கதிர் பறியும் நேரத்தில் பூச்சி விழுந்தது. அறுத்ததில் விதைநெல்லைத் திருப்பிக் கொடுத்து, கூலி கொடுத்து, மீந்ததைப் பார்த்துக்கொண்டு அவர் களத்தில் உட்கார்ந்திருந்தார் என்று உடன் போனவர்கள் சொன்னார்கள். தம்பிக்கு அவர் அனுப்பியது இரண்டு தரம். பிறகு அனுப்ப முடியவில்லை. அவன் பெயரை வீட்டில் எடுப்பதையும் விட்டுவிட்டார்.

நான் விதானையார் வீட்டுக்குப் போனேன். கிராம சேவகர் என்று பதவியின் பெயர் மாறியிருந்தாலும் எங்களுக்கு அவர் விதானையார்தான். உம்மா வழியில் எனக்கு அண்ணன் முறை. அவர் மனைவியைப் பார்க்கப் போவது போலப் போய்க் குசினியில் உட்கார்ந்திருந்தேன். அவர் உள்ளே வந்ததும் எழுந்து விஷயத்தைச் சொன்னேன்.

"அது என்ட சீதனக் காணி எண்டு உங்களுக்குத் தெரியும்தானே காக்கா?"

"தெரியும் புள்ள. ஊருக்கே தெரியும். அந்தக் கலியாணத்தில நான் சாப்பிட்டனான்."

"அப்ப அத ஒரு கடதாசியில எழுதித் தாங்க."

அவர் மனைவியை வெளியே போகச் சொன்னார்.

"நீ முத்திரைப் படிவத்தில காணி இல்ல எண்டு எழுதியிரிக்காய். அது சரி எண்டு உறுதிப்படுத்திக் கையெழுத்து வெச்சது நான். இப்ப அதே கையால, அந்தக் காணி உன்ட எண்டு இன்னொரு கடதாசி எழுதினா ரெண்டும் ஒரே கந்தோருக்குத்தான் போகும். என்ட வேல என்னாகும்? எனக்கும் நாலு புள்ள."

"தெரிஞ்சா ஏன் அண்டைக்கு வெச்சீங்க?"

"அப்ப நீ பசியோட இருந்தாய் எண்டு தெரியும். அதால வெச்சன்."

அவர் பொய் சொல்லவில்லை. என்னைத் திட்டியிருந்தால் திருப்பிக் கேட்டிருப்பேன். அவர் மனைவி ஒரு பார்சல் பலாக்கொட்டை தந்து அனுப்பினார். வழியெல்லாம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

முதல் வருஷ விடுமுறைக்குத் தம்பி வந்தான். சட்டைக் கொலர் கழுத்தைச் சுற்றித் தனியாக நின்றது. பகல் சாப்பாட்டை விட்டுவிட்டதாக உம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். மலைநாட்டுக் குளிரில் பசி எடுக்காதாம். பின்னேரங்களில் அங்கே ஒரு வியாபாரியின் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறானாம். அதற்குப் போக இரண்டு மைல், வர இரண்டு மைல். அதனால் சில விரிவுரைகள் தவறிப்போகின்றன என்பதை என்னிடம் மட்டும் சொன்னான்.

அந்த விடுமுறையில்தான் கல்முனை பஸாரில் புடவைக் கடை வைத்திருந்த ஒருவர் ஆள் அனுப்பினார். தம்பியின் படிப்பு முழுவதையும் தான் பொறுப்பெடுப்பதாகவும், படித்து முடித்ததும் தன் மகளைக் கட்ட வேண்டும் என்றும் கேட்டிருந்தார். எங்கள் ஊர்களில் படிக்க வசதியில்லாத கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு அப்படி உதவி வருவது வழக்கம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்படிப் படித்தவர்கள் இருக்கிறார்கள், நல்லாக வாழ்ந்தவர்களும் இருக்கிறார்கள். வாப்பா முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு வெளிச்சம் தெரிந்தது.

தம்பி இரண்டு நாள் யோசித்தான். பிறகு என்னிடம்தான் வந்து சொன்னான்.

"ராத்தா, அந்தப் புள்ளைக்கு வயசு பதிமூணு. அது பள்ளிக்குப் போறத நான் கண்டிரிக்கன். என்னால ஏலா."

"நாலு வருஷம் போனா அது பெரிய புள்ளதானே."

"நாலு வருஷமும் அந்த ஊட்டுச் சோத்தத் திங்கக்குள்ள எனக்கு அந்தப் புள்ளட முகம்தான் தெரியும். வாப்பாக்கிட்ட நீங்க சொல்லுங்க."

நான் வாப்பாவிடம் சொன்னேன். அவர் வற்புறுத்தவில்லை. அடுத்த நாள் ஒரு மணி நேரம் முன்னதாகவே கடைக்குப் போய்விட்டார்.

அவன் திரும்பிப் போன பிறகு ஒரு காலை, சின்னவளுக்கு மருந்தெடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, அலுமாரியிலிருந்த உறுதியை எடுத்துச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு, கல்முனையில் இருந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனேன். அதற்கு முன் அந்தக் கந்தோருக்குள் நான் போனதில்லை. வரிசையில் எல்லாம் ஆண்கள். நல்ல வேளையாக முத்திரைப் பகுதியில் ஒரு பெண் இருந்தார். தமிழ்ப் பெண், கழுத்தில் சின்னச் சிலுவை. சொறிக்கல்முனையிலிருந்து தினமும் சைக்கிளில் வருகிறவராம். குழந்தையைக் கண்டு என்னை உள்ளே வரச் சொல்லி ஒரு மர வாங்கில் இருத்தினார்.

நான் ஒன்றையும் மறைக்கவில்லை. உறுதியையும் காட்டினேன். அவர் கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"தங்கச்சி, நீங்க சொன்னத நான் இன்னும் கேக்கேல்ல எண்டு வெச்சுக்கொள்ளுங்கோ. எழுத்தில தந்தாத்தான் நான் கேட்டமாதிரி. தந்தா நான் அத மேல அனுப்பத்தான் வேணும், வெச்சிருக்கேலாது."

"அனுப்பினா என்ன நடக்கும்?"

"முதல்ல உங்கட முத்திர நிக்கும். பிறகு உங்கட அவரையும் விதானையாரையும் விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. எடுத்ததக் கட்டச் சொல்லவும் கூடும்."

"தம்பிக்கு?"

"இடாப்புத் திருத்தின பிறகு அவர் புதுசா விண்ணப்பிக்க வேணும். அடுத்த வருஷத்துக்குத்தான் எடுப்பாங்க. கிடைக்குமெண்டு என்னால சொல்லேலாது. நான் உங்களுக்குப் பொய் சொல்லக் கூடாது."

ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தார். "யோசியுங்கோ. எழுதிறதெண்டா நான் சொல்லித் தாறன். வேண்டாமெண்டா எழும்பிப் போங்கோ. நான் உங்களக் காணேல்ல."

நான் யோசித்தேன். வாங்கில் உட்கார்ந்து, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குக் கந்தோர் கலையும் வரை யோசித்தேன். என் கணவர் விசாரணைக்கு நிற்பதை நினைத்துப் பார்த்தேன். விதானையாரின் நாலு பிள்ளைகள். சின்னவளின் பால். பகல் சாப்பாட்டை விட்டுவிட்டு இரண்டு மைல் நடக்கிற தம்பி. இவர்களில் யாரை விட்டுக்கொடுத்தாலும் அது நான் செய்ததாகத்தான் இருக்கும். யாராவது வந்து என் கையைப் பிடித்து எழுத வைத்தால் நல்லது என்று தோன்றியது. அல்லது பிடித்து வெளியே தள்ளினாலும் நல்லது. யாரும் வரவில்லை. பிள்ளை பசியில் அழத் தொடங்கியது. எழுந்து வெளியே வந்தேன். அந்தப் பெண் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபடி தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டில் மருந்து எங்கே என்று கணவர் கேட்டார். டொக்டர் வரவில்லை என்றேன்.

இரண்டாம் வருஷப் பரீட்சையில் தம்பி மூன்று பாடங்களில் தவறினான். திரும்ப எழுதலாம், ஆனால் அதற்கு அங்கே இன்னொரு வருஷம் இருக்க வேண்டும். பெட்டியோடு வந்துவிட்டான். வந்த மூன்றாம் நாள் என் வீட்டுக் குசினி வாசற்படியில் உட்கார்ந்து, இனிப் போகப் போவதில்லை என்று சொன்னான். சவூதிக்கு ஆள் எடுக்கிறார்களாம். சாய்ந்தமருதிலிருந்து போன ஒருவன் பண்டகசாலையில் வேலை இருப்பதாக எழுதியிருக்கிறானாம். இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தால் போதுமாம்.

எனக்கு அடக்க முடியவில்லை. முத்திரைப் படிவத்தில் எழுதியது, விதானையார் சொன்னது, கந்தோர் வாங்கில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தது எல்லாவற்றையும் அவனிடம் கொட்டினேன். சொல்லிவிட்டு அவன் எழுந்து போய்விடுவான் என்று காத்திருந்தேன்.

"எனக்குத் தெரியும் ராத்தா" என்றான்.

"என்ன தெரியும்?"

"நீங்க அந்தப் படிவத்த எழுதக்குள்ள நான் பக்கத்திலதானே படிச்சிட்டிருந்தன். ஒரு சொல்லுக்கு என்ன 'ள' போடுற எண்டு என்னட்டக் கேட்டீங்களே."

எனக்கு அது நினைவே இல்லை. இன்று வரை நினைத்துப் பார்க்கிறேன், வரவில்லை.

"தெரிஞ்சும் ஏன் வாப்பாக்கிட்டக் கேட்டாய், அது ராத்தாட காணியெல்லுவா எண்டு?"

"நீங்க ஏதும் சொல்லுவீங்களா எண்டு பாத்தன்" என்றான். குரலில் கோபம் இல்லை. அன்று காலை என்ன கறி என்று சொல்வது போலச் சொன்னான். அவன் கோபப்பட்டிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். அவன் அதற்கும் இடம் வைக்கவில்லை. தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போனான்.

படிப்புக்குக் கிடைக்காத பணம் பயணத்துக்குக் கிடைத்தது. முகவருக்குக் கொடுக்க என் கணவரே முன்வந்து வயலில் ஒரு ஏக்கரை விற்கலாம் என்றார். சவூதிக்குப் போனவன் இரண்டு வருஷத்தில் திருப்பித் தருவான் என்று எல்லாருக்கும் நம்பிக்கை இருந்தது. பல்கலைக்கழகத்துக்குப் போனவன் எப்போது தருவான் என்று யாருக்கும் தெரியாது. வாங்க வந்தவர் இடாப்பில் என் பெயர் இருந்தால்தான் கையெழுத்து வைப்பேன் என்றார். கணவரும் விதானையாரும் சேர்ந்து கந்தோருக்குப் போனார்கள். ஒன்பது நாளில் பெயர் மாறியது.

"முத்திர?" என்று விதானையாரிடம் கேட்டேன்.

"இப்ப அத ஆரு பாக்கிற? அந்த முத்திரைக்கு இப்ப ஒரு கிழமச் சீனியும் வராது" என்றார். உண்மைதான். சாமான் விலை ஏறிக்கொண்டே போயிற்று, முத்திரையில் அடித்திருந்த பெறுமதி அப்படியே இருந்தது. நான் அதைக் கொடுத்துச் சாமான் எடுப்பதைச் சில மாதங்களாகவே விட்டிருந்தேன். நிறுத்துங்கள் என்று யாரிடமும் சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

ஒன்பது நாள். அதை வாப்பாவிடம் சொன்னபோது அவர் கணக்குப் பார்ப்பவர் போல விரல்களை மடித்தார். பிறகு விரித்துவிட்டார்.

தம்பி போகிறபோது என் கணவர் கட்டுநாயக்கா வரை கூடப் போனார். வந்து எனக்கு எல்லாவற்றையும் சொன்னார். கடவுச்சீட்டைப் பார்த்தது, பெட்டியை நிறுத்தது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் கை காட்டியது. பிறகு, நான் கேட்காமலே, இன்னொன்று சொன்னார். கண்டிக்குக் கிட்ட, பல்கலைக்கழகக் கட்டடங்கள் மரங்களுக்கு நடுவில் தெரிகிற இடம் வந்தபோது, பஸ்ஸில் இருந்த எல்லாரும் அந்தப் பக்கம் பார்த்தார்களாம். தம்பி கண்ணை மூடிக்கொண்டிருந்தானாம்.

"நித்திரையா?" என்றேன்.

"நித்திர கொள்ற ஆள்ற தல ஆடும்தானே" என்றார். "அவன்ட தல ஆடல்ல." அதைச் சொல்லிவிட்டு எழுந்து கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் கால் கழுவினார்.

பண்டகசாலை வேலை அவனுக்குக் கிடைத்தது. இரண்டு வருஷத்தில் அந்த ஒரு ஏக்கரின் பணத்தைத் திருப்பி அனுப்பினான். பின்வீட்டுக்கு ஓடு போட்டான். வாப்பாவை இரும்புக் கடையிலிருந்து நிறுத்தினான். அவர் கண்ணுக்கு வைத்தியம் பார்த்தான். ஊரில் அவனைப் பற்றிச் சொல்கிறவர்கள் எல்லாரும் நல்லதாகத்தான் சொன்னார்கள். குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய பிள்ளை என்றார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் தலையாட்டுவேன்.

நாலாம் வருஷம் நாற்பது நாள் விடுமுறையில் வந்தான். எனக்கு ஒரு தையல் மெஷின், கணவருக்கு ஒரு கைக்கடிகாரம். சின்னவளுக்கு அப்போது எட்டு வயது; பள்ளிக்கூடத்தில் வகுத்தல் படிப்பித்துக்கொண்டிருந்தார்கள், அவளுக்கு அது பிடிபடவில்லை. முதல் நாள் பின்னேரம் அவள் கொப்பியைத் தூக்கி வீசிவிட்டு அழுவதைக் கண்டு, தம்பி அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினான். அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் இருவரும் முன்அறையில் உட்கார்ந்துவிடுவார்கள்.

நான் குசினியில் வேலை பார்த்துக்கொண்டு கேட்டிருப்பேன். அவன் அவசரப்படவே மாட்டான். அவள் பிழை விட்டால் பிழை என்று சொல்ல மாட்டான். "இதுக்கு எப்பிடி வந்தனீ? எனக்குக் காட்டு பாப்பம்" என்பான். அவள் சொல்லிக்கொண்டு வரும்போதே தானே நிறுத்தி, "இல்ல மாமா, இந்த இடத்திலதான் பிழ" என்பாள். ஒரு நாள் அவள் கேட்காமலே, பூச்சியத்தால் ஏன் வகுக்க முடியாது என்று அவளுக்குச் சொல்லத் தொடங்கினான். அரிசிக் குறுணியைப் பாயில் குவித்து வைத்து, ஒருவருமில்லாத வீட்டுக்கு இதைப் பங்கு போடு பார்ப்போம் என்றான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவனும் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்ததை எத்தனையோ வருஷமாக நான் கேட்டிருக்கவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நான் இறக்கவில்லை.

இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போ என்று கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்டு என்ன? விசா முடிகிற நாள் எனக்கும் தெரியும்.

நாற்பத்தோராம் நாள் சுபஹு தொழுதுவிட்டு வேனில் ஏறினான். சின்னவள் அன்று பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தாள். நான் அவளை அதட்டி, தலை சீவி, சப்பாத்துப் போட்டு அனுப்பினேன்.